எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்

பட்டுக்கோட்டை வட்டாரத்து நூலகங்களின் வாசகர் வட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்



இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் உங்களைத் தேடி ஒருவர் வருவார். கையில் செல்போன் இருக்கும். அதில் ஏதோ ஒரு புத்தகத்தின் ஒன்றிரண்டு பக்கங்கள் படமாக இருக்கும். "இதெல்லாம் நம்ம லைப்ரரியில இருக்கலாமா? பிள்ளைங்க வந்து போற இடம். நீங்க நாலு பேரு ஒரு வார்த்த சொன்னா எடுத்துருவாங்க" என்பார். வருகிறவர் கெட்டவராக இருக்கமாட்டார். அனேகமாக உங்களுக்குத் தெரிந்தவர்தான், வீட்டில் கல்யாணம் கருமாதி என்றால் முதல் ஆளாக வந்து நிற்கிறவர். முகத்துக்கு நேரே மறுக்கச் சங்கடமாக இருக்கும்.

அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதற்காகத்தான் இந்த மடல். இதை எழுத எனக்கு ஒரே ஒரு தகுதி உண்டு. ஒரு காலத்தில் அப்படி வந்து நின்றவன் நான்.

2007ஆம் வருஷம். அப்போது எனக்குக் கொப்பரை வியாபாரம். கடைக்கு வந்த நண்பர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஜெராக்ஸ் தாள் ரெண்டை எடுத்து நீட்டினார். ஏதோ ஒரு நாவலின் நடுப்பக்கங்கள். ஒரு பெண் காவல் தெய்வத்தின் முன்னால் நின்று, மண்ணை வாரித் தூற்றி, காதுகொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளால் ஏசுகிறாள். அந்த இடங்களுக்கு அடியில் யாரோ பேனாவால் அழுத்திக் கோடு போட்டிருந்தார்கள். அந்தச் சாமிக்கு வருஷம் தவறாமல் கிடா வெட்டுகிற குடும்பம் எங்களுடையது. சும்மா இருக்க முடியுமா? அன்று சாயங்காலமே நூலகத்துக்குப் போனேன். எந்த ஊர் நூலகம் என்பது வேண்டாம். தப்பு என்னுடையது, நூலகத்தினுடையது அல்ல.

நூலகர் சாதுவான மனுஷர். நான் சத்தம் போட்டதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தி, "எழுதிக் குடுத்துட்டுப் போங்கண்ணே, மேல அனுப்பிடுறேன்" என்றார்.

"எழுத்து என்னத்துக்கு? நான் சொன்னா போதாதா?" என்றேன்.

அவர் அதற்கு மேல் பேசவில்லை. எழுந்து போய் அந்த நாவலை எடுத்துவந்து, நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். ஜெயித்துவிட்ட தெம்பில் நான் வண்டியைக் கிளப்பினேன். தாள் எழுதப்படாமலே மேசையில் கிடந்தது.

அந்த நாவலின் கதைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், நூலகம் யாருடையது என்று கொஞ்சம் பேசவேண்டும்.

நம் காவிரிக் கடைமடைக்கும் நூலகத்துக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் பிறந்தது சீர்காழியில். அவர் வகுத்த ஐந்து விதிகள் புத்தகமாக வந்தது 1931இல். அதே வருஷம் அக்டோபரில், நமக்குப் பக்கத்து மன்னார்குடியில், மேலவாசல் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். தொடங்கிவைக்க வந்தவர் ரங்கநாதன்தான். நெல் மூட்டை ஏறிய வண்டியில் புத்தகம் ஏறிய மண் இது. ரங்கநாதனின் இரண்டாம், மூன்றாம் விதிகளின் சாரம் எளிமையானது: வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் கிடைக்கவேண்டும்; நூல் ஒவ்வொன்றும் தனக்கான வாசகரிடம் போய்ச் சேரவேண்டும். நான் பூட்டவைத்த நாவலுக்கான வாசகன் நானாக இல்லாமல் இருந்திருக்கலாம். அதற்காக இன்னொருவருக்குப் போகவேண்டியதை நான் மறித்தது எந்த நியாயம்?

இன்னொன்று, காசுக் கணக்கு. விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் நம் மாகாணத்துடையது, 1948இல் வந்தது. உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒன்று இருக்கும்; சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. அந்தப் பத்துப் பைசாவைப் போடுகிறவர்கள் யார் யார்? நாடியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பால்குடம் எடுக்கிறவர் போடுகிறார். அதிராம்பட்டினத்தில் தொழுதுவிட்டு வந்து கடை திறக்கிறவர் போடுகிறார். எந்தச் சாமியும் வேண்டாம் என்கிறவரும் போடுகிறார். சுயமரியாதை இயக்கத்து அழகிரியின் பெயருக்கு முன்னால் நிற்பதும் பட்டுக்கோட்டைதான், பொதுவுடைமை பாடிய கல்யாணசுந்தரத்தின் பெயருக்கு முன்னால் நிற்பதும் அதே பட்டுக்கோட்டைதான். அழகிரியின் பேச்சு பக்தருக்கு உறுத்தும். பக்தரின் தலபுராணம் அழகிரியின் தொண்டருக்கு உறுத்தும். ஆளுக்கு ஒன்றாக உறுத்துவதை எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் அலமாரியில் மிஞ்சுவது சமையல் குறிப்பும் போட்டித்தேர்வு வினாவிடையும்தான். அதிலும் அசைவச் சமையல் இருந்தால் யாராவது வருவார்கள்.

"எல்லாம்தான் செல்போன்லயே கெடைக்குதே, லைப்ரரியில எடுத்தா என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்பார்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரிப் பெண் ஒருத்தி, ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு முன்னால் தினமும் அரைமணி நேரம் நூலகத்துக்கு வருவாள். ஒரே புத்தகத்தை எடுப்பாள், ஓர் அத்தியாயம் படிப்பாள், பஸ் டிக்கெட்டை அடையாளமாகச் செருகி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவாள். உறுப்பினர் அட்டை இருந்தும் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சில புத்தகங்களைச் சிலர் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பது நமக்குத் தெரியாததா? வீட்டுச் செல்போனில் தேடவும் முடியாது. அவளுக்கு இந்த உலகத்தில் அந்தப் புத்தகம் இருந்த இடம் அந்த ஓர் அலமாரி மட்டும்தான்.

நண்பர்களே, ஒரு புத்தகத்தைத் தடுக்க இரண்டு வழி இருக்கிறது. எழுத்தில் தடுப்பது ஒன்று. வாயால் சொல்லித் தடுப்பது இன்னொன்று. அரசாங்க முத்திரையோடு வருகிற தடைதான் பயங்கரம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய ஆபத்து ரெண்டாவது வழி.

1928இல் பாரதியின் பாடல் நூல்களைச் சென்னை அரசு பறிமுதல் செய்தது. அநியாயம்தான். ஆனால் உத்தரவு என்று ஒன்று இருந்ததால் சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து நின்று அதைக் கிழிகிழியென்று கிழிக்க முடிந்தது. ராமாயணத்தைப் பற்றிப் பெரியார் எழுதிய நூலின் ஆங்கில, இந்திப் பதிப்புகளை 1969 டிசம்பரில் உத்தரப்பிரதேச அரசு பறிமுதல் செய்தது. இந்திப் பதிப்பை வெளியிட்ட லலாய் சிங் யாதவ் நீதிமன்றம் போனார். அலகாபாத் உயர்நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. அரசு விடாமல் உச்ச நீதிமன்றம் போய், 1976 செப்டம்பரில் அங்கும் தோற்றது. காலம் நெருக்கடி நிலை. தீர்ப்பு எழுதியவர் கிருஷ்ணய்யர். அரசு எதனால் தோற்றது தெரியுமா? எந்தக் காரணத்துக்காகப் பறிமுதல் செய்கிறோம் என்பதை உத்தரவில் சொல்லவில்லை. காரணம் எழுதாத பறிமுதல் செல்லாது என்று ஆனது. கருத்து சரியா தவறா என்கிற சண்டைக்கே போகவில்லை, பார்த்தீர்களா? காரணத்தை எழுது என்று கேட்டதிலேயே ஒரு புத்தகம் பிழைத்துவிட்டது.

எழுத்தில் இல்லாத தடைக்கு இந்த வாசல் எதுவும் கிடையாது. நமக்குப் பக்கத்துக் கறம்பக்குடிப் பகுதியில், சாதிக் கொடுமையை 'ஊரார் வரைந்த ஓவியம்' என்று 2014இல் எழுதிய துரை குணாவுக்கு, அதற்காகவே ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. எந்த அரசும் அந்தப் புத்தகத்தைத் தடை செய்யவில்லை. அதே ஆண்டுக் கடைசியில் திருச்செங்கோட்டில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு கிளம்பியது. நாவல் வெளிவந்ததோ 2010இல். நாலு வருஷம் கழித்து, பொறுக்கியெடுத்த சில பக்கங்களின் நகல்தான் ஊருக்குள் கைமாறியது. அந்தச் செய்தியைப் படித்தபோது என் கடைக்கு வந்த ரெண்டு ஜெராக்ஸ் தாளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் சமாதானப் பேச்சு என்று உட்காரவைத்தார்கள். நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்துவிட்டு ஒதுங்கினார். அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை 5 ஆகிவிட்டது. பிடிக்காவிட்டால் படிக்காமல் இருக்கலாம் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

காகிதம் தொலைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கூத்து இருக்கிறது. சல்மான் ருஷ்டியின் நாவலை இறக்குமதி செய்யக்கூடாது என்று 1988 அக்டோபரில் சுங்கத்துறை அறிவிக்கை வந்தது. அதை எதிர்த்த வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றம் அறிவிக்கையைக் காட்டச் சொன்னது. எந்த அலுவலகத்திலும் அது அகப்படவில்லை. அப்படி ஒன்று இல்லை என்றே கொள்ளவேண்டியிருக்கிறது என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் முடித்துவைத்தது. முப்பத்தாறு வருஷம் ஒரு புத்தகத்தை வாசலில் நிறுத்தியது எதுவோ, அதை யாராலும் கையில் எடுத்துக் காட்ட முடியவில்லை.

இதெல்லாம் கடைக்கும் பதிப்பகத்துக்கும் நடந்தது. நூலகத்துக்கே நடந்ததைப் பார்க்க சிங்கப்பூர் போகலாம். நம்மில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருக்கிறவரோ இருந்து திரும்பியவரோதானே. 2014 ஜூலையில் அங்குள்ள தேசிய நூலக வாரியம் மூன்று சிறுவர் புத்தகங்களை எடுத்தது. ஒன்று, நியூயார்க் மிருகக்காட்சி சாலையில் இரண்டு ஆண் பென்குயின்கள் சேர்ந்து ஒரு குஞ்சை வளர்த்த நிஜக் கதை. இது குடும்ப மதிப்பீடுகளுக்கு ஒவ்வாது என்று புகார் மின்னஞ்சல் போனது. புத்தகங்கள் அலமாரியிலிருந்து போய்விட்டன. சிங்கப்பூர்க்காரர்கள் தெருவில் இறங்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கே போய், தரையில் உட்கார்ந்து, அந்தப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்தார்கள். கடைசியில் அமைச்சர் இறங்கிவந்து, பெரியவர்கள் பகுதியில் வைக்கச் சொன்னார். இரண்டு புத்தகங்கள் திரும்பின. மூன்றாவது அதற்குள் கூழாக அரைக்கப்பட்டிருந்தது.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து லானோ வட்டாரத்தில் 17 புத்தகங்களைப் பொது நூலகத்திலிருந்து எடுத்ததை எதிர்த்து வாசகர்கள் வழக்குப் போட்டார்கள். எதை வைப்பது, எதை எடுப்பது என்பது நூலகத்தை நடத்தும் அரசின் விருப்பம் என்று 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை அனுப்பிவிட்டது. அலமாரியைக் காக்க வேண்டியவர் அதற்கு முன்னால் நின்று புத்தகம் எடுக்கிறவர்தான், அதாவது நீங்கள்.

யாழ்ப்பாணத்தில் 1981இல் 97 ஆயிரம் நூல்களோடு நூலகத்தை எரித்தவர்களை நாம் இன்னும் மன்னிக்கவில்லை. எரித்தால் புகை வரும், உலகத்துக்குத் தெரியும். பீரோவில் பூட்டினால் பக்கத்து மேசைக்காரருக்குக்கூடத் தெரியாது.

பிடிக்காத புத்தகத்தை வேறு எப்படித்தான் எதிர்ப்பது? இதற்கு நம் தஞ்சை மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புனல்' எழுதினார். 1977இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. கூலிக்கும் மானத்துக்கும் நடந்த போராட்டத்தை நிலக்கிழாரின் ஆண்மைக்குறைச் சிக்கலாகச் சுருக்கிவிட்டார் என்று இடதுசாரித் தோழர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் கட்டுரையாக வந்தது, மேடையில் விவாதமாக வந்தது. பிற்பாடு சோலை சுந்தரபெருமாள் அதே வெண்மணியைக் களமாக வைத்து 'செந்நெல்' எழுதினார். இன்றைக்கு ஒரு பிள்ளை ரெண்டையும் அடுத்தடுத்து எடுத்துப் படித்துத் தானே ஒரு முடிவுக்கு வரலாம். 'குருதிப்புன'லை அன்றைக்கு யாராவது பீரோவில் பூட்டியிருந்தால் இந்த வாதமே நமக்கு மிஞ்சியிருக்காது.

அப்படியானால் நூலகத்திலிருந்து எதையுமே எடுக்கக்கூடாதா என்றால், அப்படியும் இல்லை. கிழிந்ததை, செல்லரித்ததை, காலாவதியான சட்டப் புத்தகத்தை, பழைய பாடத்திட்டத்துக் கையேட்டைக் கழிவு செய்யத்தான் வேண்டும். அது தோப்பில் காய்ந்த மட்டையை இழுத்துப் போடுவது மாதிரி அன்றாட வேலை, அதற்குப் பதிவேடு உண்டு. சிறுவர் அலமாரியில் எதை வைப்பது, பெரியவர் அலமாரியில் எதை வைப்பது என்று நூலகர் பிரிப்பதும் அவருடைய தொழில். இருக்கிற காசுக்கு எல்லாப் புத்தகத்தையும் வாங்கவும் முடியாது. நான் சொல்வது, வாங்கி, எண் போட்டு, அலமாரியில் வைத்த புத்தகத்தை, ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எடுப்பதை மட்டும்தான்.

எனக்கும் கசக்கிற புத்தகங்கள் உண்டு. ஒரு சாதியை உயர்த்துவதற்காக இன்னொரு சாதியை மண்ணில் போட்டு மிதிக்கிற 'வரலாறு'கள் நம் பக்கம் கொஞ்சமா இருக்கின்றன? அவற்றைப் பார்த்தால் கை துறுதுறுக்கிறது. வெட்டு குத்துக்குத் தூண்டுகிற எழுத்து என்றால் அதற்குச் சட்டம் இருக்கிறது, பெயர் போட்டு வழக்குத் தொடுக்கலாம். அதற்குக் கீழே உள்ள கசப்புக்கு, நான் மற்றவர்களுக்குச் சொல்லும் வழியில்தான் நானும் போகவேண்டும்.

அந்த வழிக்காக உங்களிடம் நாலு வேண்டுகோள்.

ஒன்று: புத்தகத்தை எடுக்கச் சொல்லி வருகிறவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள். பெயர், முகவரி, எந்தப் பக்கம், என்ன காரணம் எல்லாம் அவர் கைப்பட இருக்கட்டும். 'முழுப் புத்தகத்தையும் படித்தேன்' என்ற ஒரு வாக்கியமும் அதில் இருக்கட்டும். பாதிப் பேர் அந்த வாக்கியத்திலேயே நின்றுவிடுவார்கள் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டு: முடிவாகும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும். புகார் வந்த அன்றைக்கே பீரோவுக்குப் போகக்கூடாது.

மூன்று: நூலகரைத் தனியாக விடாதீர்கள். அவர் மாதச் சம்பளக்காரர், இந்த ஊரில் குடியிருக்கவேண்டியவர். நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றால் அவரால் என்ன செய்ய முடியும்? வாசகர் வட்டம் ஒரு சாயங்காலம் கூடட்டும். புகார் கொடுத்தவரையும் மரியாதையாக உட்காரவையுங்கள். அவர் சொன்ன பக்கத்தையும், அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பக்கங்களையும் வாய்விட்டுப் படியுங்கள். அதன் பிறகும் மனக்குறை தீராவிட்டால், மனுவும் உங்கள் கருத்தும் சேர்ந்து மாவட்ட நூலக அலுவலகத்துக்குப் போகட்டும். என்ன முடிவானாலும் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்கு: மறுப்பு எழுத விரும்புகிறவருக்கு இடம் கொடுங்கள். நாலு பக்கமோ நாற்பது பக்கமோ, அவர் எழுதியதையும் நூலகத்தில் வாங்கி வையுங்கள்.

இனி அந்த நாவலின் மிச்சக் கதை.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்தது. என் தோப்பில் நின்ற மரங்களை எண்ண ஒரு கை விரல் போதும் என்று ஆனது. சில நாள் கழித்து, வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால், அந்த நூலகத்தில் புத்தகம் காயவைக்கக் கை கொடுக்கப் போனேன். ஓடு பறந்து, மழை முழுக்க உள்ளே இறங்கியிருந்தது. பழைய நூலகர் எப்போதோ மாறுதலாகிப் போய்விட்டார். பீரோவைத் திறந்து உள்ளே இருந்ததையும் வெயிலில் பரப்பினோம். அதில் அந்த நாவல் இருந்தது. பின்னட்டைக்குள் ஒட்டிய தேதிச் சீட்டைப் பார்த்தேன். 2007 வரைக்கும் நெருக்கமாக ஒன்றன்கீழ் ஒன்றாக முத்திரை. அதற்குக் கீழே, பதினோரு வருஷத்துக்கு, ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு எடுத்துவந்தேன். கரண்ட் வராத ராத்திரிகள் அவை. மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஒட்டிக்கொண்ட பக்கங்களை விரலால் மெல்லப் பிரித்துப் பிரித்துப் படித்தேன். அந்தப் பெண் சாமியை ஏசுவது, தன் ஒரே பிள்ளையைப் பாம்பு கடித்துப் பறிகொடுத்த மூன்றாம் நாள். அடுத்த அத்தியாயத்தில் அவளே போய், தான் தூற்றிய மண்ணைக் கூட்டி அள்ளி, சாமிக்கு விளக்கு வைக்கிறாள். அவள் ஏசிய வார்த்தைகளை நான் அதற்கு முந்தைய வாரம்தான் கேட்டிருந்தேன். விழுந்த மரங்களுக்கு நடுவில் நின்று, அதே சாமியைப் பார்த்து, நானே சத்தமாகச் சொன்ன வார்த்தைகள் அவை.

புத்தகம் பிழைக்கவில்லை. பாதிப் பக்கங்கள் பிரியாமலே கிழிந்துவிட்டன. புதுப் பிரதி வாங்கித் தரலாம் என்று தேடினால், பதிப்பில் இல்லை என்றார்கள். நாவலின் பெயரை இங்கே நான் எழுதாததற்குக் காரணம், எழுதினால் யாராவது அந்த ரெண்டு பக்கத்தை மட்டும் தேடிப் போவார்கள் என்கிற பயம்தான்.

கழிவுப் பதிவேட்டில் அதற்கு நேராக மழையில் சேதம் என்று எழுதியிருப்பார்கள். அது கடைசி ஒரு வாரத்துக்குத்தான் பொருந்தும். அதற்கு முந்தைய பதினோரு வருஷத்துக்குக் காரணம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அன்றைக்கு அந்த மனுஷர் தாளை என் பக்கம் நகர்த்தியபோது நான் எழுதிக் கொடுத்திருக்கவேண்டியதை இப்போது எழுதித் தருகிறேன்: புத்தகத்தைப் படிக்காமல், இரண்டு பக்க ஜெராக்ஸை மட்டும் பார்த்து, எடுக்கச் சொன்னது நான்தான்.

இதை உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
பட்டுக்கோட்டை.